மடப்பள்ளியில் நின்ற சாட்சி

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழுபதைத் தாண்டிய ஆள் விழுவதில் புதினம் ஒன்றும் இல்லை. இடது கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கிவிட்டது, மணிக்கட்டில் வலி. என் மனைவி டாக்சி பிடித்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்னப் பெண். காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது அங்கிள் என்று தமிழிலேயே கேட்டாள். விழுந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. அவள் மறுபடி கேட்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரின் பார்வை மெல்ல என் மனைவி பக்கம் போனது.

"இஞ்சாருங்கோ, டொக்டர் கேக்கிறா எல்லோ, வாயைத் திறந்து சொல்லுங்கோவன். நான்தான் அடிச்சுப் போட்டன் எண்டு நினைக்கப் போறா" என்றாள் என் மனைவி.

டாக்டர் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது சிரிப்பு எல்லாம் போய்விட்டது. பினாங்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலம் முழுவதும் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். "நான் விழுந்துவிட்டேன்." முதல் வருடங்களில் ஆங்கிலத்தில் சொன்னேன், கோர்ட் மொழி மாறிய பிறகு மலாயில். ஒரு தடவைகூட விழுந்தது நானில்லை.

இதை நான் போனில் சொல்லக் கேட்டவள் கவிதா. இப்போது கோர்ட்டில் என் பழைய நாற்காலியில் இருக்கும் பெண். இப்பொழுதெல்லாம் அடிபட்ட பெண் கோர்ட் படி ஏறும் முன்பே சமூக நல இலாகாவிலேயே அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிடலாம் சார், உங்கள் காலத்தில் எப்படி என்று கேட்டாள். எங்கள் காலத்தில் எப்படி என்பதை போனில் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் வேலையில் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர், எனக்கும் ஏதாவது ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தால் போதும் என்று நினைத்தவர். மேசை கிடைத்தது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூத்த மொழிபெயர்ப்பாளர் இராஜநாயகம் பின்வரிசையில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்ப்பார், தப்புச் செய்தால் இருமுவார். சில நாள் அவருக்குக் காசநோயோ என்று பார்க்க வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் விதித்தவை இரண்டே சட்டங்கள். சாட்சி "நான்" என்றால் நீயும் "நான்" என்று சொல், "அவள் சொல்கிறாள்" என்று ஒட்டுப்போடாதே. இது ஒன்று. சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே. விளக்கம் சொல்ல நீ யார்? இது மற்றது.

முதல் சட்டம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இருபத்தெட்டு வயது, மீசை, கழுத்தில் டை. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு, "என் கணவர் என் தலைமுடியைப் பிடித்து என்னை இழுத்தார், அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி" என்று முழங்கினேன். பார்வையாளர் பெஞ்சில் சிரிப்பு. சொன்ன பெண்ணும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. வேறு ஓர் ஆளின் வாயிலிருந்து கேட்கும்போதுதான் தனக்கு நடந்தது இன்னது என்று அவளுக்குப் புரிந்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கூச்சம் போய்விட்டது.

இன்னொரு வேலைமுறையும் உண்டு, இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த நாளில் ஒலிப்பதிவு கிடையாது. சாட்சியத்தை மாஜிஸ்திரேட் தன் கையாலேயே எழுத வேண்டும். அதனால் மொழிபெயர்ப்பாளன் பார்க்க வேண்டியது சாட்சியின் முகத்தையும் அல்ல, மாஜிஸ்திரேட்டின் முகத்தையும் அல்ல, பேனாவை. பேனா ஓடினால் நிறுத்து, பேனா நின்றால் அடுத்ததைச் சொல். அழுகிற பெண்ணுக்கு இது தெரியாது. அவள் பாட்டுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவாள். கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் பொறுங்கம்மா, எழுதுறாங்க என்பேன். அழுகையையும் தவணை முறையில்தான் அழ வேண்டியிருந்தது.

சட்டம் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மனைவியை அடிப்பது குற்றம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காயம் விளைவித்தால் ஒரு வருடம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனைச் சட்டத்தில் இருந்தது. கத்தி, கட்டை என்றால் இன்னும் கூடும். ஆனால் கையால் அடித்த வழக்கில் வாரண்டு இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. ரிப்போர்ட் எழுதிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போய் முறையிடு என்று அனுப்புவார்கள். அவள் அன்று இரவு படுப்பது அதே வீட்டில்தான். வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது காயம் ஆறியிருக்கும், சொந்தக்காரர்கள் பேசியிருப்பார்கள். கூண்டில் ஏறி, "நான் விழுந்துவிட்டேன்" என்பாள். நானும் சொல்வேன்.

மீறி உண்மையைச் சொன்னவர்களும் உண்டு. துறைமுகத்துக்கு அருகில் வரிசை வீட்டில் இருந்த ஒரு பெண் உறுதியாக நின்று சொன்னாள். அவனுக்கு அபராதம் போட்டார்கள், கட்டத் தவறினால் சிறை. அவன் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றான். அவள் பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே போனாள். மத்தியானம் திரும்பி வந்து அபராதத்தைக் கட்டி அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அடி வாங்கியவளே தண்டனையையும் கட்டினாள்.

அடித்த பிறகு தண்டிக்கச் சட்டம் இருந்தது. அடுத்த அடியைத் தடுக்கச் சட்டம் இல்லை. அதுதான் குறை. தொண்ணூறுகளின் நடுவில் குடும்ப வன்முறைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது எனக்கு ஓய்வுபெற இரண்டொரு வருடமே இருந்தது. இனி விசாரணை நடக்கும்போதே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவன் அவளைத் தொடக்கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகக்கூடாது என்று கோர்ட் சொல்லும். தேவையானால் அவனையே வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லும். உத்தரவை மீறினால் அதற்கே தனியாக அபராதமும் சிறையும். முதல் உத்தரவை நான் தமிழில் படித்துக் காட்டியபோது, அந்தப் பெண், இது நெசமாத்தானா சார் என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அப்படி உத்தரவு வாங்கியவர்களில் ஒருத்தி மல்லிகா. பைராம் தோட்டத்துப் பெண். அக்கரையிலிருந்து பினாங்குத் தீவுக்கு வந்து பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருந்த குணசேகரன் என்ற லோரி ஓட்டுநரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஏழு வருட வாழ்க்கை. கடைசியில் இடது கையை முறித்துவிட்டான். அந்தக் கட்டோடுதான் கோர்ட்டுக்கு வந்தாள். இடைக்கால உத்தரவு கிடைத்தது, கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில் தங்கினாள். இரண்டு வாரத்தில் குணசேகரன் ஒரு வழக்கறிஞரை வைத்து மனுப் போட்டான். உத்தரவை நீக்க வேண்டும், இவள் என் மனைவியே இல்லை.

விஷயம் இதுதான். திருமணத்தைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. நம் ஆட்களுக்கு அது உறைக்கவே இல்லை. கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லி, மேளம் கொட்டி, தாலி ஏறிவிட்டால் முடிந்தது. பதிவு என்பது பாஸ்போர்ட் எடுப்பதுபோல, தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மல்லிகா பல தடவை கேட்டிருக்கிறாள். "அப்புறம் பதிஞ்சிக்கலாம்லா, எங்க ஓடிப்போகுது" என்பானாம். எங்கும் ஓடவில்லை, நேரே கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

புதிய சட்டம் இதையும் யோசித்திருந்தது. பதியாவிட்டாலும், அவரவர் சமய வழக்கப்படி திருமணச் சடங்கு நடந்திருந்தால் அவளும் மனைவிதான், பாதுகாப்பு உண்டு. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. சடங்கு நடந்ததா? நடக்கவே இல்லை, சும்மா சேர்ந்திருந்தோம், ஒரு நாள் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு சாமி கும்பிட்டோம் என்று குணசேகரன் சத்தியம் செய்து சொன்னான். அதை நான்தான் "நான்" போட்டு மலாயில் சொன்னேன். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கத் தோன்றியது.

மல்லிகாவிடம் காட்ட ஒன்றும் இல்லை. காதல் கல்யாணம் என்பதால் தோட்டத்திலிருந்து அப்பா அம்மா யாரும் வரவில்லை. வந்தவர்கள் அவனுடைய கூட்டாளிகள் சிலர், அவர்கள் கோர்ட் பக்கமே வரமாட்டோம் என்றுவிட்டார்கள். மணம் முடித்துவைத்த குருக்கள் வேலைப் பெர்மிட் முடிந்து இந்தியாவுக்குப் போய்விட்டார். படங்களைக் குணசேகரன் ஒரு சண்டையில் கிழித்துப்போட்டிருந்தான். தாலி அடகுக்கடையில் முழுகிப்போயிருந்தது. தான் யாரிடமிருந்து தப்ப வேண்டுமோ அவனுக்கே தான் பெண்டாட்டி என்று அவள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் உத்தரவு போய்விடும், அவன் அடுத்த நாளே தொழிற்சாலை வாசலில் நிற்பான். நின்றால் கை மட்டும் முறியாது என்று அவள் சமூக நல அதிகாரியிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வழக்கைக் கேட்டவர் ஒரு மலாய்ப் பெண் மாஜிஸ்திரேட். புவான், அதாவது அம்மணி, என்றுதான் எல்லோரும் அழைப்போம். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் அவர் முன்னால் நின்றால் எனக்கு இராஜநாயகத்தின் இருமல் காதில் கேட்கும். குரலை உயர்த்தியதே இல்லை. கட்டைப் பேனாவில் ஊதா மையால் எழுதுவார், பெரிய எழுத்து, அவசரம் கிடையாது. சாட்சி அழுதால் மற்ற மாஜிஸ்திரேட்டுகள் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். புவான் பேனாவை மூடி கீழே வைத்துவிடுவார். அவ்வளவுதான். பேனா கீழே இருக்கும்வரை அந்த அறையில் யாரும் எதுவும் செய்ய முடியாது, வழக்கறிஞரும் உட்கார வேண்டும். அழுது முடித்து அந்தப் பெண் மூக்கைத் துடைத்த பிறகு பேனாவை எடுப்பார். அழுவதற்கென்று நேரம் ஒதுக்கிய மாஜிஸ்திரேட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சாட்சி சொல்ல ஆள் இருக்கிறதா என்று புவான் கேட்டபோது, சமூக நல அதிகாரி எழுந்து, ஒருவர் இருக்கிறார், காலையில் தானாகவே வந்தார் என்றார். கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். அறுபது அறுபத்தைந்து இருக்கும். சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி, ரப்பர்ச் செருப்பு. குணசேகரன் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டான். அது அவனுடைய அம்மா, அஞ்சலை. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எப்போதோ இறந்துவிட்டார். அடுக்குமாடி வீடு அஞ்சலையம்மாவின் பெயரில்தான் இருந்தது. அவர் மகனைப் பார்க்காமல் நேரே கூண்டுக்குப் போனார்.

என் மகன் இந்தப் பெண்ணைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான், ஆயர் ஈத்தாமில் ஒரு சின்ன அம்மன் கோயில், நான் இருந்தேன் என்று சுருக்கமாகச் சொன்னார். அதிகாரி உட்கார்ந்தார். வழக்கறிஞரிடம் குணசேகரன் குனிந்து ஏதோ சொன்னான். வழக்கறிஞர் தலையாட்டிவிட்டு எழுந்தார். நல்ல மனிதர்தான், தன் வேலையைச் செய்தார். தாலி கட்டிய நேரத்தில் நீங்கள் சரியாக எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்.

மலாயில் கேட்ட அந்தக் கேள்வியைத் தமிழில் திருப்ப எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. தமிழனாகப் பிறந்த எனக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. அதை அந்த வழக்கறிஞர் யோசித்திருக்க முடியாது, அவர் சீனர். பெற்ற மகன் சொல்லிக் கொடுத்தது அது. நான் கேட்டேன்.

அஞ்சலையம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கோயில் குசினியில நின்னேன்."

அதாவது மடப்பள்ளியில். ஏன் அங்கே என்று அடுத்த கேள்வி.

"நான் தாலி அறுத்தவ. அங்கெல்லாம் நிக்கக்கூடாது."

நான் விதவை, அங்கே நிற்கக்கூடாது என்று என் வாயால் சொன்னேன். புவானின் பேனா பாதியில் நின்றது. பெற்ற தாய் மகனின் கல்யாணத்தில் ஏன் சமையலறையில் நிற்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும். கைம்பெண் முன்னால் வந்தால் ஆகாது என்று நாங்கள் ஒதுக்கிவைக்கிற கதையைப் பத்து நிமிடம் சொல்ல முடியும். விளக்கம் சொல்ல நீ யார்? நான் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கறிஞர் அதற்குள் அடுத்ததைக் கேட்டார். அப்படியானால் தாலி கட்டியதை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை?

பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும். சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கியது உண்மை. மல்லிகா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கல" என்றார் அஞ்சலையம்மா.

வழக்கறிஞர் உட்கார்ந்தார். குணசேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். புவான் அந்த ஒரு சொல்லை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினார். கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு கேள்வி கேட்டார். பார்க்காமல், உங்கள் மகன் இவளை மணந்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதற்கு அஞ்சலையம்மா சொன்னதைத் துண்டு துண்டாகத்தான் நான் மொழிபெயர்த்தேன், பேனாவுக்காக நிறுத்தி நிறுத்தி. இங்கே சேர்த்தே தருகிறேன்.

"கெட்டிமேளம் கேட்டிச்சி அம்மா. நான் அடுப்பு பக்கத்துல நின்னு கும்பிட்டேன். ஒருத்தரும் என்னைய தேடல. என் மகனும் தேடல. இந்தப் பொண்ணுதான் கேட்டுக்கிட்டே வந்திச்சி, அத்தை எங்க அத்தை எங்கன்னு. குசினிக்கே வந்திடிச்சி. கழுத்துல மஞ்சக்கயிறு, ஈரம்கூட காயல. நான் பின்னால போயிட்டேன், தொடாத, ஆகாதுன்னேன். அது கேக்கல. கரித்தரையில விழுந்து என் காலத் தொட்டுக் கும்பிட்டிச்சி. நீங்கதான் மொத துண்ணூறு வைக்கணும் அத்தைன்னு சொல்லிச்சி. துண்ணூறு தட்டு அங்க இல்ல. அடுப்புச் சாம்பல எடுத்துத்தான் வச்சேன். இவன் அப்பா போனதுக்கு அப்புறம் எந்த நல்ல காரியத்திலயும் யாரும் என் காலுல விழுந்ததில்ல. அது கல்யாணம் இல்லன்னா எது கல்யாணம்னு எனக்குத் தெரியாது."

அஞ்சலையம்மா அழவில்லை. அழுதது மல்லிகா. புவான் பேனாவைக் கீழே வைத்தார். வழக்கமாகச் சாட்சிக்காக வைப்பார், அன்று யாருக்காக வைத்தார் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணாடி மங்கிப்போனது எனக்கு உதவிதான், பேனா எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அஞ்சலையம்மா, யாரும் கேட்காமலே, ஒன்று சொன்னார். "அவங்க அப்பாவும் கை நீட்டுவாரு. எனக்குப் போக எடம் இல்ல, இருந்துட்டேன். இதுக்காவது ஒரு எடம் இருக்கட்டும்." கேள்வி இல்லாத பதிலை எழுதத் தேவையில்லை. புவான் எழுதினார்.

மத்தியானம் தீர்ப்பு. சடங்கு நடந்தது என்று கோர்ட் ஏற்கிறது, இவள் சட்டப்படி பாதுகாப்புப் பெற உரியவள், உத்தரவு தொடரும். குணசேகரனுக்கு அதை நான் தமிழில் சொன்னேன். நெருங்கக்கூடாது, தொடக்கூடாது, மீறினால் சிறை. என் வேலைக்காலத்தில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் உச்சரித்ததில்லை. இராஜநாயகம் இருந்திருந்தால் கூடுதல் அழுத்தம் என்று இருமியிருப்பார்.

வெளியே நடைபாதையில் மல்லிகா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கூட வந்துடுங்க அத்தை என்று கெஞ்சினாள். சமூக நல அதிகாரியும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமில்லை, பெற்றவர்களுக்கும் உண்டு, அவன் ஏதாவது செய்தால் சொல்லுங்கள், வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, அவனை வெளியே அனுப்பக்கூட கோர்ட்டில் கேட்கலாம் என்றார். பாதி மலாயில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். அஞ்சலையம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மல்லிகாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு, படியிறங்கி, மகனுக்குப் பத்தடி பின்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், ஆயர் ஈத்தாம் பஸ் வந்தது, இருவரும் வேறு வேறு வாசலில் ஏறினார்கள்.

மல்லிகா பிழைத்துக்கொண்டாள். அக்கரையில் பிறை என்ற ஊர்ப் பக்கம் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள் என்று அதிகாரி சொன்னார். இந்தச் சட்டம் எதற்கு உதவும் என்று யாராவது கேட்டால் நான் அவள் பெயரைத்தான் சொல்வேன். இதோடு நிறுத்தினால் கவிதாவுக்கு நல்ல கதையாக இருக்கும். நிறுத்த முடியவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு காலை வழக்குப் பட்டியலில் குணசேகரன் பெயரை மறுபடி பார்த்தேன். மல்லிகாவைத் தேடிப் போய்விட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போனால் சாட்சிப் பெஞ்சில் அஞ்சலையம்மா. அதே சாம்பல் நிறச் சேலை. முகத்தின் ஒரு பக்கம் பச்சையும் மஞ்சளுமாக ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு விரல் சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன மாது சத்தம் கேட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மாது பார்த்தது கதவு மட்டும்தான். உள்ளே நடந்ததைச் சொல்ல அஞ்சலையம்மாவை விட்டால் ஆள் இல்லை.

அதே புவான், அதே ஊதா மை. குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் நின்றான், முகம் ஊதியிருந்தது, முன்பு இருந்த தோரணை இல்லை. அஞ்சலையம்மா சாட்சிக் கூண்டில் ஏறியதும் அரசு தரப்பு அதிகாரி எழுந்து, அன்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அஞ்சலையம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு லேசாகச் சிரித்தார்.

"குளிக்கிற ரூம்புல வழுக்கி விழுந்துட்டேன்."

குளியலறையையும் வழுக்கலையும் சொன்ன பிறகு மிஞ்சியது சாயா ஜாத்து, நான் விழுந்துவிட்டேன். மலாயில் இரண்டே சொல். நான் சொன்னேன். புவானின் பேனா காகிதத்தைத் தொடவில்லை. சாட்சிக்குக் கேள்வி புரிந்ததா என்று மறுபடி கேளுங்கள் என்றார். கேட்டேன். விழுந்துட்டேன் என்றார். யாராவது பயமுறுத்தினார்களா என்று புவான் கேட்டார். இல்லை, நான்தான் கவனமில்லாமல் விழுந்துட்டேன். விரல் எப்படி? விழும்போது ஊன்றினேன். முகம்? தொட்டி இடித்தது. ஒவ்வொன்றையும் என் வாயால் சொன்னேன். மருமகளுக்காக இதே கூண்டில் நின்று ஒரு பொய் சொல்ல மறுத்தவர், தனக்கென்று வந்தபோது ஒரு உண்மையும் சொல்லவில்லை. புவான் பேனாவை வெகுநேரம் தூக்கியபடி இருந்தார். அன்று அவர் அதைக் கீழே வைக்கவில்லை, ஏனென்றால் யாரும் அழவில்லை. கடைசியில் எழுதினார். அந்த இரண்டு சொல்லை எழுத அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. வேறு சாட்சி இல்லாமல் அவனை விடுவித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இடைவேளையில் நடைபாதைக்குப் போனேன். சாட்சிகளோடு தனியாகப் பேசக்கூடாது என்பதும் விதிதான், வழக்கு முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமூக நல அதிகாரி அன்று அவ்வளவு சொன்னாரே அம்மா, அவனை வெளியே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பெத்த புள்ளைய வெளிய அனுப்பிட்டு நான் உள்ள படுக்கவா தம்பி" என்றார்.

அவர் போகத் திரும்பியவர், நின்று, என் சட்டைக் கையைப் பிடித்தார். கட்டுப்போட்ட விரல் இரண்டும் என் முழங்கையில் பட்டன.

"நான் சொன்னத அப்படியே சொன்னீங்கல்ல?"

"அப்படியேதாம்மா சொன்னேன்."

"ஒன்னும் கூட்டலியே?"

"கூட்டலம்மா."

அவர் முகம் தெளிந்தது. நல்லா இருங்க தம்பி என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே குணசேகரன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.